ஜப்பானிய மொழிக்கு எந்த அகராதி?

குமரி மாவட்டத்திலிருந்து ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்குபவர்கள், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கும் நர்சிங் பிள்ளைகளானாலும் சரி, இன்ஜினியரிங் முடித்தவர்களானாலும் சரி, முதலில் கேட்பது எந்த அகராதி வாங்கலாம் என்றுதான். முதல் வருடம் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ஜிஷோ தளம், டகோபோட்டோ ஆப் உட்பட இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே தரவை வைத்துத்தான் ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய அகராதித் திட்டம் அது. ஆகவே பொருள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை எப்படிக் காட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம். டகோபோட்டோ நெட் இல்லாமலும் வேலை செய்யும். பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் போய்விடும் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி.

எந்த ஆப்பானாலும் ‘கிரு’ என்று தேடிச் சோதியுங்கள். இரண்டு வினைகள் வரும்: ஒன்று வெட்டுவது, மற்றது உடுத்துவது. முதலாவதில் ‘கோதன்’ என்றும் இரண்டாவதில் ‘இச்சிதன்’ என்றும் வினைவகைக் குறிப்பு இருக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத அகராதியை உடனே நீக்கிவிடலாம். ‘வெட்டி’ என்பதற்கு ‘கித்தே’, ‘உடுத்தி’ என்பதற்கு ‘கிதே’. எது எப்படித் திரியும் என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

இங்கே தமிழ் நாக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. சொல்லின் நடுவில் தனித் ‘த’ வந்தால் நாம் மெலித்துவிடுவோம். வன்மையாகச் சொல்லப்போனால் இரட்டித்துவிடுவோம். ஜப்பானியரோ அதை வன்மையாக, ஆனால் இரட்டிக்காமல் சொல்கிறார்கள். இரட்டித்தால் ‘சட்டையை உடுத்தி’ என்பது ‘சட்டையை வெட்டி’ ஆகிவிடும். அதனால் ஒலி கேட்கும் பட்டன் உள்ள ஆப் வேண்டும். சொற்களைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ நோட்டில் எழுதி வைக்காமல், முதல் மாதத்திலேயே ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவுக்கு மாறிவிடுங்கள்.

டோக்கியோ பேச்சில் ‘வெட்டு’ என்ற கிருவுக்கு முதல் அசை உயரும். ‘உடுத்து’ என்ற கிருவுக்கு அப்படி உயராது. இலவச ஆப்கள் பலவற்றில் இந்த ஏற்ற இறக்கக் குறிப்பு இருக்காது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஓஜாட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பொருளிலும் பொறி இருக்கிறது. நாம் சட்டை, செருப்பு, தொப்பி மூன்றையும் ‘போடு’கிறோம். ஜப்பானிய மொழியில் தோளிலிருந்து உடுத்துவதற்குத்தான் கிரு. பேன்ட்டுக்கும் செருப்புக்கும் ஒரு வினை, தொப்பிக்கு இன்னொன்று. நல்ல அகராதி இதைப் பொருளுக்குப் பக்கத்திலேயே சொல்லும். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் தவறிப்போகும்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்த முதல் புத்தகம், மகினோவும் ட்சுட்சுயியும் எழுதி 1986இல் ஜப்பான் டைம்ஸ் வெளியிட்ட அடிப்படை இலக்கண அகராதி. விளக்கம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எடுத்துக்காட்டுகளை முதலில் படியுங்கள். ‘கித்தே’, ‘கிதே’ போன்ற ‘தே’ வடிவத்தோடு சேரும் ‘தே மிரு’வுக்கு அங்கே நீளமாக விளக்கியிருப்பது நமக்குச் ‘சாப்பிட்டுப் பார்’. ‘தே ஓகு’ என்றால் ‘வாங்கி வை’. ‘தே ஷிமாவு’ பெரும்பாலும் ‘உடைந்துவிட்டது’ என்பதில் வரும் ‘விடு’. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

காஞ்சிக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளுக்கு, புத்தகம் வேண்டுமென்றால் ஜாக் ஹால்பெர்ன் கற்பவர்களுக்காகத் தொகுத்த கொடான்ஷா காஞ்சி அகராதி நல்லது; 2013 பதிப்பில் 3,002 எழுத்துகள். ‘ஸ்கிப்’ முறையில் எழுத்தின் வடிவத்தை வைத்தே தேடலாம். ‘ஓய்வு’ என்ற எழுத்தில் இடது பக்கம் மனிதன், 2 கோடுகள். வலது பக்கம் மரம், 4 கோடுகள். இடம்-வலமாகப் பிரியும் வடிவுக்கு எண் 1. ஆக 1-2-4 என்று தேடினால் வந்துவிடும். கோடுகளைத் தப்பாக எண்ணினால் கிடைக்காது. வளைந்து திரும்பும் கோட்டை இரண்டாக எண்ணுவதுதான் வழக்கமான தவறு.

ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் கிடைத்த ஜப்பானியச் சொல்லை மறுபடி தேடிப் பாருங்கள். படுக்கைப்புண்ணுக்கு ‘தோகோஸுரே’, ‘ஜோகுசோ’ இரண்டும் வரும். முன்னது பேச்சு வழக்கு, நோயாளியிடம் சொல்வது. பின்னது மருத்துவச் சொல், பதிவேட்டில் வருவது. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

ஆப்களில் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் என்5, என்3 அடையாளத்தை நம்பி, சென்னையில் எழுதப்போகும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குப் பட்டியல் போட வேண்டாம் (என்5 எளிய நிலை, எண் குறையக் குறையக் கடினம்). 2010இல் தேர்வை மாற்றியமைத்த பிறகு அதிகாரபூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படவில்லை. அந்த அடையாளங்கள் பழைய பட்டியல்களைக் கொண்டு ஊகித்தவை. ‘பரவலான சொல்’ என்ற குறியை வைத்து வடிகட்டுங்கள், அது போதும்.

ஜப்பானியருக்காகச் செய்த எலக்ட்ரானிக் அகராதிக் கருவிகளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். பல இடங்களில் காஞ்சிக்கு மேல் உச்சரிப்பு இருக்காது. ஒரு சொல்லைப் படிக்கவே இன்னொரு அகராதி தேவைப்படும். என்2 தாண்டிய பிறகு அவை பயன்படும்.