பானெட்டுக்குள் ஒரு சாரைப்பாம்பு

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். எப்போதும் ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க நிறுத்துவோம். அன்றைக்கு ஐந்தாவதிலேயே கார் நிற்கப் பார்த்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இரண்டாவது கியரில் முக்கி முனகுகிறது, வேகம் மட்டும் ஏறுவதில்லை. பின்னால் சமையல்கட்டுப் புகை மாதிரி கரும்புகை. அதைக் குடித்துக்கொண்டே வந்த பைக்காரர் முந்திப்போகும்போது திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

பின் சீட்டிலிருந்து மாமனார் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, உள்ளார என்னமோ சீறுதுங்க."

உண்மைதான். மிதிக்கும்போதெல்லாம் உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

"வண்டி நின்னா கம்முனு ஆயிருதுங்களே? அப்ப சாரையேதானுங்க. நம்ம தோட்டத்து மோட்டார் ரூம்ல போன மாசம் இப்படித்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான், என் மனைவி காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். வால்பாறை அங்கேயே ரத்து.

மறுநாள் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். பி0299 என்று வந்தது. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போ, கொடுக்க வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்கவில்லை என்பதற்கான கோளாறுக் குறியீடு. "டர்போ போச்சுங்ணா. 45 ஆயிரம் எடுத்து வைங்க." சத்தம் வருகிறதே என்றேன். நியூட்ரலில் நிறுத்தி ரேஸ் கொடுத்தார், சத்தமே இல்லை. டீசல் டர்போ நியூட்ரலில் பெரிதாக அழுத்தம் காட்டாது. ஏற்றத்தில் சுமை விழுந்தால்தான் காற்றை அமுக்கித் தள்ளும். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாதே. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி கார் சமர்த்தாக நின்றது.

45 ஆயிரம் என்றதும்தான் எனக்குப் படிக்கிற ஆசையே வந்தது. டர்போ அமுக்கிய காற்று ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், அங்கே சூடு தணிந்து, இன்னொரு ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் போகிறது. காற்றை அளக்கிற சென்சார் இதற்கெல்லாம் முன்னால், ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே இருக்கிறது. வழியில் ஹோஸ் கிழிந்திருந்தால், அளந்த காற்றில் பாதி வெளியே போய்விடும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. முழுக் காற்றுக்கும் கணக்குப் போட்டு டீசலை ஊற்றும். முழுசாக எரியாத டீசல்தான் அந்தக் கரும்புகை. லிட்டருக்கு 19 கொடுத்த வண்டி 14-க்கு இறங்கியதும் அதனால்தான்.

அப்படியென்றால் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். டர்போ அமுக்குவது சுமார் 15 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் அடிக்கிற காற்றில் பாதிதான். ஹார்ட்வேர் கடையில் பிவிசி எண்ட் கேப் (குழாய் முனையை அடைக்கிற மூடி) ஒன்று வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, ட்யூப்லெஸ் டயருக்குப் போடும் வால்வைச் செருகினேன். டர்போ காற்று இழுக்கும் வாயில் ஒரு துண்டு ஹோஸ் போட்டு, அதன் முனையில் கேப்பை வைத்து கிளிப் முறுக்கியாயிற்று. தெருமுனை பஞ்சர் கடைத் தம்பி கம்ப்ரசர் ட்யூபை இழுத்துக்கொண்டு வந்தான். "எந்த டயருங்ணா?" என்றான். பானெட்டைக் காட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

10 பிஎஸ்ஐ வைத்ததுமே உஸ்ஸ்ஸ்.

"நாஞ் சொல்லல?" என்று மாமனார் கையில் குச்சியோடு வந்து நின்றுவிட்டார்.

பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொரு ஹோஸாக அடித்துக்கொண்டே வந்தேன். மேலே எதுவும் இல்லை. கீழே, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ் வளைகிற இடத்தில், ஐப்பசி மழைக் குட்டையில் தவளை விட்ட நுரை மாதிரி கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி, சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறல். அழுத்தம் இல்லாதபோது உதட்டை மூடிக்கொள்கிறது. அழுத்தினால்தான் வாயைத் திறக்கிறது.

வெட்கக்கேடு என்னவென்றால், அதே இடத்தில் ஒரு மாதமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. காற்றோடு சேர்ந்து வரும் இன்ஜின் ஆயில் ஆவி கீறல் வழியாகக் கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. கார் கழுவுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறேன்.

புது ஹோஸ் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் மாமனார் சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். கிணத்துக்கடவு வரை தாங்கியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம். மீதித் தூரம் மாட்டுவண்டி வேகம்தான். புது ஹோஸ் 2,350 ரூபாய். மாட்ட இருபது நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் கீழே விழுந்த கிளிப்பைத் தேடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வால்பாறை. மூன்றாவது கியரிலேயே கார் இழுத்துக்கொண்டு போனது. புகை இல்லை. ஒன்பதாவது வளைவு வரைக்கும் மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே காணமுங்களே மாப்ள?"

"அந்த ஹோஸ மாத்தியாச்சுங்களே மாமா."

"அதானே பார்த்தேன்," என்றார். "குடியிருந்த குழாயவே கழட்டிப்போட்டா அது வேற எங்கீங்க போகும்?"