நாற்காலியிலிருந்து எழுந்த கதை

போன வருடம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் மழை விட்ட நேரம். கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையின் ஈர ஓடு வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. நின்ற வாக்கில் விழுந்ததற்கே முறிகிறதே என்று டாக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். இடுப்பில் டி-ஸ்கோர், அதாவது அந்த அடர்த்திக்கான மதிப்பெண், மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலியும் நோய்தானாம். எனக்கு வயது 63.

கட்டுப் பிரித்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. “நீங்க உட்காருங்கம்மா” என்று மகள் சொல்லச் சொல்ல, எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் மேசையைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. பிசியோதெரபி பெண் அதைக் கவனித்துவிட்டாள். “எலும்பு உடையும்னு உட்கார்ந்தா கால் சதை கரைஞ்சிடும் ஆன்ட்டி, அப்புறம் கண்டிப்பா விழுவீங்க.”

முதல் பாடமே அந்த நாற்காலிதான். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் இரண்டு தடவைக்கே தொடை நடுங்கியது. இப்போது பத்து தடவை, காலையும் மாலையும்.

அவள் கறாராகத் தடுத்தது ஒன்றே ஒன்று: முதுகை வளைத்துக் குனிவது. அப்படிக் குனிந்தால் முதுகெலும்பின் முன்பக்கம் பாரம் ஏறி, அந்த எலும்பே நசுங்குமாம். நானோ நாற்பது வருடமாகக் காலை மடக்காமல் குனிந்து கோலம் போட்டவள்! இப்போது தலையணையில் ஒரு முழங்காலை ஊன்றி, முதுகை நிமிர்த்திப் போடுகிறேன். கோலம் சின்னதாகிவிட்டது, அது வேறு விஷயம். 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குவதில்லை. கடையிலேயே ஐந்தைந்தாக வாங்கிவிடுகிறோம்.

எலும்புக்கு வாரம் ஒரு நாள் மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. அந்த நேரத்தில் சிங்க்கைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குகிறேன். காப்பி ஏக்கமும் தெரிவதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா நீச்சலுக்குக் கூப்பிட்டார். தண்ணீரே உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு என்று பிசியோ சொல்ல, பொட்டானிக் கார்டனில் நடக்கிறேன். ஜப்பான் சிலிப்பர் என்ற ரப்பர் செருப்பு போய் ஷூ வந்தது. பிளாஸ்டிக் பை மட்டும் ஆகாது, குரங்கு பறித்துக்கொள்ளும்.

போன மாதம் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறினேன், நின்று நின்று. ஏறும்போது கம்பியைப் பிடித்தது போதும். இறங்கும்போது மகள் கையையும் பிடித்துக்கொண்டேன். இறக்கம்தான் இன்னும் பயம்.