ஒரு கட்டுக் காட்ஸோடு திருமலைக்கு

விடுமுறைக்குப் போகும்போது தனியாக விளையாட எந்த அட்டை விளையாட்டைக் கொண்டுபோகலாம் என்று கேட்டால் எல்லோரும் பெட்டியின் அளவைத்தான் சொல்வார்கள். சின்னப் பெட்டி, பொக்கெற்றுக்குள் போகும், பாரமில்லை, அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. குடும்பத்தோடு பயணம் போகிறவன் பார்க்க வேண்டியது வேறு: ஆட்டத்தின் நடுவில் "எழும்பு, வெளிக்கிடு" என்று கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழும்ப முடியுமா, குளித்துச் சாப்பிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? திருமலை, அதாவது திருகோணமலை என்றால் இன்னொன்றும் உண்டு. காற்றுக்கு நிற்குமா?

திருமலைக்குச் சனம் அள்ளுண்டு போவது மே முதல் செப்டெம்பர் வரை. பிறகு வாடை தொடங்கினால் கடல் குழம்பி மழையும் பிடித்துவிடும். ஆனால் கடல் அமைதியாகக் கிடக்கும் அந்த நல்ல மாதங்களில்தான் கச்சானும் வீசுகிறது. மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடாகி இந்தப் பக்கம் இறங்கும் காற்று அது. உப்புவெளியில் நாங்கள் தங்கும் வீட்டு விறாந்தையில் கொடியில் போட்ட துவாயே நிற்காது, அதில் கடதாசி அட்டையைப் பரப்பி நகரம் கட்டலாம் என்று நினைப்பது பெரிய ஆசை. ஸ்ப்ரோலோபொலிஸ் என்று 18 அட்டை விளையாட்டு ஒன்று உண்டு, பர்ஸ் அளவு உறைக்குள் வரும். எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று அட்டைகளைத் திருப்பி வைத்தால் அவைதான் இந்த முறைக்குரிய விதிகள், அவற்றில் உள்ள எண்களைக் கூட்டினால் அதுதான் நாம் எட்ட வேண்டிய புள்ளி. மிச்சம் பதினைந்தையும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியும் ஒட்டியும் வைத்து நகரத்தை வளர்க்க வேண்டும். உறை சின்னது, ஆனால் விரித்தால் மேசையில் பாதி போய்விடும், ஒரு காற்று அடித்தால் நகரமே மதிலுக்கு அங்கால். உள்ளே போய் விளையாடலாமே என்பீர்கள், உள்ளே ஃபான் சுற்றுகிறது, அதை நிற்பாட்டினால் மற்றவர்கள் என்னை நிற்பாட்டிவிடுவார்கள்.

பஸ்ஸுக்கு என்றால் பாம் ஐலண்ட்தான், வேறு பேச்சே இல்லை. ஜோன் மீட்லிங் என்பவர் உருவாக்கி 2018இல் வந்தது. மொத்தம் 17 அட்டை, எல்லாமே கையில்தான், மேசையே வேண்டாம். மேலே இருக்கும் இரண்டு அட்டைகளில் ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பினால் மீனோ மரமோ கல்லோ சேமிப்பில் இருக்கிறது என்று பொருள், அப்படி நாலு வரைக்கும் வைத்திருக்கலாம். அவற்றைச் செலவழித்து மற்ற அட்டைகளைத் தலைகீழாக்கியோ மறுபக்கம் புரட்டியோ தரமுயர்த்த வேண்டும். கட்டு எட்டு முறை சுற்றி வந்தால் ஆட்டம் முடிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று போகும் பஸ்ஸில் ஜன்னலோரச் சீற் கிடைத்தால் தாராளமாக விளையாடலாம். நின்றுகொண்டு போகிறவருக்குச் சரிவராது, இரண்டு கையும் வேண்டும். பஸ் சாப்பாட்டுக்கு நிற்கும்போது நீட்டிய அட்டைகளை நீட்டியபடியே விட்டு ஒரு றப்பர் பாண்டைப் போட்டால் சரி. பக்கத்துச் சீற்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் வருவார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஓர்ச்சர்ட் என்ற ஒன்பது அட்டைப் பழத்தோட்ட விளையாட்டும் நல்லதுதான், பத்து நிமிடத்தில் முடியும். மரத்துக்கு மேல் அதே நிற மரத்தை ஏற்ற ஏற்ற, அங்கே வைத்த தாயக்கட்டை 1, 3, 6, 10 என்று ஏறிக்கொண்டு போகும். ஆனால் அந்தக் குட்டித் தாயக்கட்டைகளில் ஒன்று விறாந்தை விரிசலுக்குள் உருண்டது, அன்றோடு அது வீட்டு விளையாட்டாகிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, திருமலைக்கு ஒன்றே ஒன்று கொண்டுபோ என்றால் நான் எடுப்பது சாதாரண காட்ஸ் கட்டுத்தான். பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், உப்புக் காற்றில் கடதாசி அட்டை பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதில் சொலிடெயர் விளையாடச் சொல்லவில்லை, அது ஏழு நிரைக்கு இடம் கேட்கும், எனக்கு அலுத்தும் போய்விட்டது. ஸ்கவுண்ட்ரல் என்று ஒன்று இருக்கிறது. ஸக் கேஜ், கேர்ட் பீக் என்ற இருவர் 2011இல் உருவாக்கியது. சிவப்பு இனங்களான ஆட்டினிலும் டைமனிலும் ஆஸையும் படச்சீட்டுகளையும் கழித்துவிட்டால் மிச்சம் 44. கறுப்பு இனங்களான ஸ்கோப்பனும் கிளாவரும் பூதங்கள், டைமன் ஆயுதம், ஆட்டின் மருந்து. உங்களுக்கு உயிர் 20. நாலு சீட்டைத் திறந்து வைத்தால் அது ஓர் அறை, அதில் மூன்றை எதிர்கொண்டு நாலாவதை அடுத்த அறைக்கு விட வேண்டும். பயமாக இருந்தால் அறையையே தவிர்க்கலாம், ஆனால் அடுத்தடுத்து இரண்டைத் தவிர்க்க முடியாது. மருந்தும் ஓர் அறைக்கு ஒன்றுதான் வேலை செய்யும்.

இதன் முழுச் சூட்சுமமும் ஆயுதத்தில்தான். டைமனில் 7ஐ எடுத்துக்கொண்டு ராஜாவை, அதாவது 13ஐ வெட்டினால் மிச்சம் ஆறுதான் உயிரில் கழியும். ஆனால் ஒருமுறை வெட்டிய ஆயுதம், கடைசியாக வெட்டிய பூதத்தைவிடப் பெரிய பூதத்திடம் செல்லாது. அவசரப்பட்டு ஒரு நாலை வெட்டினீர்களோ, அந்த நல்ல ஆயுதம் இனிச் சில்லறைக்கு மட்டும்தான். அப்போது சின்னப் பூதத்தை வெறுங்கையால் அடித்து நாலு உயிரை இழப்பதா, ஆயுதத்தைக் கெடுப்பதா? பத்து நிமிட ஆட்டத்தில் இப்படியான யோசனை பத்துத் தடவை வரும், அதற்குத்தான் நான் அடிமை. எழும்ப வேண்டி வந்தால் திறந்த சீட்டுகளைக் கட்டுக்குமேல் குறுக்காக வைத்து, உயிர் எத்தனை என்று ஃபோனில் குறித்துக்கொண்டால் போதும். காற்றுக்கு உடுப்புக் கிளிப் நாலு. நிலாவெளி மணலில் செருப்பை வைத்தும் அமத்தியிருக்கிறேன்.

தனியாகக் காட்ஸ் போடுவதைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு மனம் பொறுக்காது. மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும் நேரம் மாமி தண்ணீர் குடிக்க எழும்பி வந்தார்.

"என்ன தம்பி, தனிய இருந்து காட்ஸ் அடிக்கிறீங்கள்? ஆரோடையும் கோவமோ?"

"இல்லை மாமி, சும்மா."

"காசு வைச்சோ?" இது உள்ளேயிருந்து மாமா.

"தனக்குத்தானே காசு வைச்சு ஆரப்பா விளையாடுவினம்?" என்று மாமியே பதிலும் சொல்லிவிட்டார்.

பின்னேரம் தேத்தண்ணி குடித்த கையோடு மாமா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தால் விஷயம் விளங்கிவிடும், ஆள் சேர்க்கிறார். மச்சானும் மனைவியும் வந்தால் நாலு பேர், முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தைத் தொடங்கலாம். அதே கட்டில் ஏழுக்குக் கீழே உள்ளதைக் கழித்தால் 32. புள்ளிக் கணக்கில் ஜக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் 304. தனி ஆட்டத்துக்கு வந்த கட்டுக்கு இப்படி இரவு வேலையும் கிடைப்பதுதான் அதன் பெரிய பலம். காசு கொடுத்து வாங்கிய எந்தச் சின்னப் பெட்டியாலும் மாமாவைச் சமாளிக்க முடியாது.

ஃபோனில் விளையாடலாமே என்பவர்களுக்கு: அந்த வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிகிறது.

கன்னியா வெந்நீரூற்றில் மற்றவர்கள் ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக ஊற்றிச் சூடு பார்த்து முடிய நேரம் எடுக்கும், அங்கே நிழலில் ஓர் ஆட்டம் தாராளமாகப் போடலாம். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கட்டைப் பையைவிட்டு எடுப்பதில்லை, கோட்டைக்குள் திரியும் மான்களைப் பார்க்கவே நேரம் போய்விடும். புறாத்தீவுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். படகேறி அங்கே போய், கண்ணாடியைப் போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் சுறாக்குட்டி தெரியும் இடத்தில், கரையில் குந்தியிருந்து ஸ்கோப்பன் பூதத்தை வெட்டுகிறவனை மாமி மட்டுமில்லை, நானும் பேசுவேன்.