சல்ஃபைடு தாதும் ஒரு சான்றிதழும்: தங்கப் பகுப்பாய்வில் பிழையைக் கண்டறிந்த வழி

எங்கள் ஆய்வகத்தின் தங்கத் தாதுப் பகுப்பாய்வை சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நான் ஏற்றபோது, எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சி.ஆர்.எம்., அதாவது சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள்; தங்க அளவு முன்பே தெரிந்த, நம் முடிவைச் சரிபார்க்க உதவும் தூள். அது ஆக்சைடு வகைத் தாதிலிருந்து தயாரிக்கப்பட்ட, டன்னுக்கு 1.52 கிராம் தங்கம் கொண்ட மென்தூள். தாதை ஈயச் சேர்மத்துடன் உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்தெடுத்து அளப்பதே எங்கள் முறை; இருபது மாதிரிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் அதையும் உலையில் வைத்து வந்தோம்.

முதல் சிக்கல் சான்றிதழை வாசிப்பதிலேயே தொடங்கியது. அதில் சான்றளித்த மதிப்புக்கு அருகே ±0.02 என்றும், சற்றுக் கீழே திட்ட விலக்கம் 0.06 என்றும் இரண்டு எண்கள் இருந்தன. முன்னையதையே ஏற்பு எல்லையாகக் கொண்டதால், நல்ல தொகுதிகளைக்கூட நிராகரித்து மறுபடியும் உருக்கிக்கொண்டிருந்தோம். அந்த ±0.02, பல ஆய்வகங்களின் முடிவுகளிலிருந்து பெற்ற சராசரி எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஓர் ஆய்வகம் ஒருமுறை செய்யும் சோதனை எவ்வளவு விலகலாம் என்பதைத் திட்ட விலக்கமே காட்டுகிறது. 30 கிராம் மாதிரியில் 1.5 கிராம்/டன் என்றால் மூசைக்குள், அதாவது உருக்கும் கிண்ணத்துக்குள், இருக்கும் மொத்தத் தங்கமே 45 மைக்ரோகிராம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒற்றை முடிவிடம் ±0.02 எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். அதன்பின் இரண்டு திட்ட விலக்கத்தை எச்சரிக்கை எல்லையாகவும் மூன்றை நிராகரிப்பு எல்லையாகவும் வைத்து, சி.ஆர்.எம். முடிவுகளை வரிசையாகக் குறிக்கும் கட்டுப்பாட்டு வரைபடம் வரையத் தொடங்கினோம். முடிவுகள் 1.52-ஐச் சுற்றி இருபுறமும் சீராக விழுந்தன, நாங்களும் நிம்மதியடைந்தோம்.

அந்த நிம்மதி தவறானது. பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடு மிகுந்த தாதை அனுப்பிய ஒரு வாடிக்கையாளர், எங்களுக்குத் தெரிவிக்காமல் தன் மாதிரிகளுக்கிடையே ஒரு சல்ஃபைடு சி.ஆர்.எம்.மைச் சேர்த்திருந்தார். அதற்கு நாங்கள் தந்த மதிப்புகள் எல்லாமே குறைவாக இருந்தன. எங்கள் வரைபடத்தில் ஒரு குறையும் இல்லாததால், அவரிடம்தான் பிழை என்று முதலில் எண்ணினேன். பிறகுதான் சல்ஃபைடு வகையில் 2.40 கிராம்/டன் மதிப்புள்ள ஒன்றை நாங்களே வாங்கினோம். காற்றுப்பட்டால் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து எடை மாறும் என்பதாலும், பெரிய குப்பியில் தூள் அசைந்து பிரிந்துவிடக்கூடும் என்பதாலும், ஒருமுறைக்கு ஒன்றாகப் பயன்படும் அடைத்த சிறு பொட்டலங்களையே தேர்ந்தெடுத்தேன். இராசத் திராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையில்) கரைத்துப் பெற்ற மதிப்பும் உலைமுறையில் பெற்ற மதிப்பும் சான்றிதழில் தனித்தனியாக இருந்தன. முந்தையது தாதுக்குள் சிறைப்பட்ட தங்கத்தை முழுதும் வெளிக்கொணராது என்பதால், நாங்கள் ஒப்பிட வேண்டியது உலைமுறை மதிப்பை மட்டுமே.

பத்துப் பொட்டலங்களின் சராசரி 2.21, திட்ட விலக்கம் 0.09. தனித்தனியே பார்த்தால் அவற்றுள் பல நிராகரிப்பு எல்லைக்குள்ளேயே இருந்தன. ஆனால் பத்தும் ஒரே பக்கம் கீழே விழுந்திருந்தன. எங்கள் சராசரியின் நிச்சயமின்மை 0.028, சான்றிதழினது 0.015, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் 0.064 வருகிறது. வேறுபாடோ 0.19. தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை.

காரணம் மூசைக்குள் இருந்தது. லித்தார்ஜ் (ஈய ஆக்சைடு), சோடா உப்பு, வெண்காரம், சிலிக்கா, மாவு ஆகியவற்றை ஒரே விகிதத்தில் கலந்து எல்லாத் தாதுக்கும் இட்டு வந்தோம். லித்தார்ஜிலிருந்து ஈயத்தைப் பிரிப்பதற்காக மாவு சேர்க்கப்படுகிறது; உருகிய அந்த ஈயமே தாதிலுள்ள தங்கத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. பைரைட்டும் அதே வேலையைச் செய்யும். 30 கிராம் மாதிரியில் 6 கிராம் பைரைட் இருந்தால், அதுவே 60 கிராமுக்கு மேல் ஈயத்தைப் பிரித்துவிடும். நமக்கு வேண்டியதோ 30 முதல் 40 கிராம் எடையுள்ள ஈயக் கட்டி. மிகையான கட்டியோடு, ஈயத்துக்கும் கசடுக்கும் இடையே நொறுங்கும் தன்மையுள்ள ஒரு சல்ஃபைடு படலமும் உருவாகி, தங்கத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் வைத்துக்கொண்டது. கசடைச் சுத்தியலால் தட்டி அகற்றும்போது அதுவும் சேர்ந்து போயிற்று. கட்டியின் மேற்புறத்தில் ஒட்டியிருந்த அந்தச் சாம்பல் நிறத் துணுக்குகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன், பொருட்படுத்தியதில்லை.

மாவை நிறுத்தி, சல்ஃபைடை ஆக்சிஜனேற்றம் செய்யும் வெடியுப்பைச் (பொட்டாசியம் நைட்ரேட்டை) சேர்ப்பதே தீர்வு. ஒரு கிராம் வெடியுப்பு ஏறத்தாழ நான்கு கிராம் ஈயம் பிரிவதைத் தடுக்கும் என்ற கணக்கில் தொடங்கி, ஒவ்வொரு தாதுக்கும் சிறு உருக்குச் சோதனை செய்து அளவை முடிவு செய்தோம். இந்தக் கட்டத்தில் நேர்ந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். உலைக்கூடத்தில் பொட்டலத்தை அடையாளம் கண்டவர்கள், நல்லெண்ணத்தோடுதான், அதற்கு மட்டும் வெடியுப்பைத் தனிக் கவனத்துடன் அளந்து சேர்த்தார்கள். வரைபடம் உடனே அழகானது. மாதிரிகள் பழையபடியே இருந்தன. அதன்பின் பொட்டலத்தைப் பிரித்து வழக்கமான உறையில் மாற்றி எண்ணிடும் வேலையை, உலைப் பக்கம் வராத ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

அடுத்த பத்தின் சராசரி 2.38, திட்ட விலக்கம் 0.07. வேறுபாடு 0.02; அனுமதிக்கத்தக்கது 0.053.

எஞ்சியிருந்தது கடினமான வேலை. முந்தைய மாதங்களில் வந்த சல்ஃபைடு மாதிரிகளின் மிச்சத் தூள்களைக் கிடங்கிலிருந்து எடுத்து, புதிய கலவையில் மறுபடியும் உருக்கினோம். முதலில் புகார் சொன்ன வாடிக்கையாளருக்கு, பழைய எண்களும் புதிய எண்களும் அருகருகே இருக்கும்படி திருத்திய அறிக்கையை அனுப்பி, இரண்டு காலத்துக் கட்டுப்பாட்டு வரைபடங்களையும் அதனுடன் இணைத்தேன்.