பார்பெரா: மாலிக் புள்ளி ஒழிந்தது

ஒருவழியாக என் வீட்டு ஒயினில் மாலிக் அமிலத்தைக் காட்டும் புள்ளி மறைந்துவிட்டது! குளிர்காலம் முழுக்கச் சோதனைத் தாளில் அசையாமல் உட்கார்ந்திருந்த மஞ்சள் பொட்டு நேற்று இல்லை. அதற்கு மேலே லாக்டிக் அமிலத்தின் புள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

பழம் இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் அஸ்தி ஊர்ப் பக்கத்துப் பார்பெரா திராட்சை. நன்றாகப் பழுத்தாலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத ரகம். நிறம் அடர்த்தி, துவர்ப்பு தரும் டானின் சொற்பம். அதனால் கூர்மையாகப் புளிக்கும் மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக்காக மாறாவிட்டால் முதல் மடக்கிலேயே பல் கூசும். அதை மாற்ற வேண்டிய ஈனோகாக்கஸ் பாக்டீரியாவோ லேசில் மசியாது. பிஎச் (இறங்க இறங்கப் புளிப்பு ஏறும் அளவு) 3.2க்குக் கீழே இறங்கினால் முரண்டு பிடிக்கும், ஒயினைக் கெடாமல் காக்கும் சல்ஃபைட் அதிகமானால் சுருண்டுவிடும், குளிர்ந்தால் தூங்கிவிடும். பியெமோந்தேயின் பழைய விவசாயிகள் நிலவறை தானாகச் சூடாகும் வசந்தம்வரை காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஜாடியைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டி 20 டிகிரியில் நிறுத்தினேன்.

எல்லாவற்றையும்விடப் படுத்தியது தாள் சோதனைதான். ஒரே இடத்தில் ஒயினைத் துளிமேல் துளி வைத்து, தாளைக் கரைப்பானில் நிறுத்தி அமிலங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும். முந்தைய துளி காயாமல் அடுத்ததை வைத்தால் பொட்டு பரந்து, மாலிக்கும் பக்கத்துப் புள்ளியும் ஒன்றாகிவிடும். பியூட்டனாலும் ஃபார்மிக் அமிலமும் கலந்த கரைப்பானின் நாற்றம் வீட்டையே காலி செய்யவைக்கும். வெளியே எடுத்ததும் தாள் முழுவதும் மஞ்சளாகத்தான் இருக்கும். அமிலம் ஆவியாகி நீலப்பச்சை நிறம் ஏறிய பிறகே புள்ளிகள் தெரியும். ஜன்னலோரம் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது நல்லது. தரப்படுத்திய மாலிக், லாக்டிக் துளிகளைப் பக்கத்தில் வைக்காமல் சோதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். போன முறை ஒரு கடைக்காரர் கெட்டுப்போன கரைப்பானைத் தலையில் கட்டினார். அந்தப் பக்கமே இனிப் போவதில்லை.

புள்ளி மறைந்தாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை மாலிக் ஒளிந்திருக்கலாம். அதனால் சல்ஃபைட் போடுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறேன்.

ஓக் பீப்பாய்க்கு மாற்றச் சொல்கிறார்கள் நண்பர்கள். 1980களில் பியெமோந்தேயின் ஒயின் தயாரிப்பாளர் ஜாகோமோ போலோஞா சிறிய ஓக் பீப்பாயில் பார்பெராவை வளர்த்துப் பெயர் வாங்கியது உண்மைதான். ஆனால் பூண்டும் நெத்திலியும் ஆலிவ் எண்ணெயில் வெந்த பாஞா காவுடா என்ற பியெமோந்தே தொட்டுக்கையோடு குடிக்கும் ஒயினுக்கு ஓக் வாசனை எதற்கு?

வடிகட்டல் பாக்கியிருக்கும்போதே மனம் இத்தாலியின் இன்னொரு ஒயின் பகுதியான தொஸ்கானாவுக்குத் தாவிவிட்டது. இலையுதிர் காலத்தில் சான்ஜோவேசே திராட்சை வாங்கி, அங்குள்ள கியாந்தி பக்கத்துப் பழைய 'கொவெர்னோ' முறையைச் செய்து பார்க்கப் போகிறேன். கொஞ்சம் கொத்துகளை உலர்த்திவைத்து, புளித்து முடித்த ஒயினில் சேர்த்து மறுபடி நொதிக்கவிடுவார்கள். மாலிக் மாற்றத்தையும் அது தூண்டிவிடும் என்கிறார்கள். உலர்த்த மூங்கில் தட்டுகளை இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.