கொக்கரையும் திறந்த உரிமமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காணிக்காரர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். செடிகொடிகளின் பெயர்கள், பாறைகளுக்கும் ஓடைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்கள், முடிந்தால் சில பாட்டுகள் ஆகியவற்றை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்புகளின் இணையக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்திலும், விக்சனரி என்ற இணைய அகராதியிலும் சேர்க்க வேண்டும் என்பதுதான் நான் கொண்டுபோன திட்டம்.

அங்கே ஒரு பிலாத்தி இருக்கிறார். சடங்கும் வைத்தியமும் பாட்டும் அறிந்தவர், எண்பது வயதைக் கடந்தவர். நோயாளிக்காக இரவு முழுவதும் பாடும் சாற்றுப்பாட்டுக்குரிய கொக்கரை என்ற இசைக்கருவியை அவர் முதன்முதலில் என் கையில் கொடுத்தபோது அதன் கனம் எனக்கு வியப்பாக இருந்தது. இரும்பைச் சுருட்டிச் செய்த குழல், அதன் விளிம்பில் ரம்பம் போல் வெட்டிய பற்கள், சங்கிலியில் தொங்கும் சிறு இரும்புக் கோல். அந்தப் பற்கள் பல இடங்களில் தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தன. கோலால் உரசிக்கொண்டே அவர் பாடத் தொடங்கினார். பத்து நிமிடம் கழிந்திருக்கும், கோல் நின்றது. "மக்களே, இனி வரப்பட்டது நீ கேக்கதுக்கு, மெஷினுக்கு இல்ல" என்றார். நான் பதிவை நிறுத்தினேன். அதன் பிறகு அவர் பாடியதை இங்கே எழுதப் போவதில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வரி, நான் பல ஆண்டுகளாக நம்பிவந்த ஒன்றை அசைத்துவிட்டது. அறிவு திறந்திருக்க வேண்டும், எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கொள்கையில் எனக்கு இன்றும் பற்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி இவ்வளவு வளர்ந்திருப்பதும், கையில் காசில்லாத மாணவன் ஒருவன் மலையோர ஊரில் இருந்தபடியே பழந்தமிழ் நூல்களை விக்கிமூலத்தில் படிக்க முடிவதும் அந்தக் கொள்கையால்தான். ஆனால் எழுத்தில் வாழும் சமூகங்களுக்காக வகுத்த விதிகள், பேச்சில் வாழும் சமூகங்களுக்கு அப்படியே பொருந்தவில்லை என்பதை இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் முறை சான்று பற்றியது. காணிக்காரர்களின் ஊர் நிர்வாகத்தில், ஊர்த் தலைவரான மூட்டுக்காணிக்கு உள்ள பொறுப்புகள் குறித்து, அவர்களிடமே கேட்டு எழுதிய சில பத்திகளை ஓர் இணையக் களஞ்சியத்தில் சேர்த்தேன். அச்சில் வந்த ஆதாரம் இல்லை என்று அவை நீக்கப்பட்டன. அதே பக்கத்தில், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய நூலில் இருந்து எடுத்த வரிகள் சான்றோடு நின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் அளவெடுத்து அவர்களை வகைப்படுத்தியவர். அவரிடமும் யாரோ வாயால் சொல்லித்தானே அவர் எழுதினார்? அளவெடுக்க வந்தவரின் குறிப்பு ஆதாரமாகிறது. அளவெடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை சொல்வது ஆதாரமாவதில்லை. இதில் உள்ள அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்தக் கேள்வி முன்பே எழுந்ததுதான். 2011-இல் அச்சல் பிரபாலா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் வாய்மொழிச் சான்றுகளை விக்கிப்பீடியாவில் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சி ஒன்றைச் செய்தார்கள். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளில், அறிந்தவர்களிடம் பேசிப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே அடிக்குறிப்பாகக் காட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் நடந்த முயற்சியை இந்தப் பக்கம் நாம் தொடர்ந்து எடுத்துச் செய்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இரண்டாவது, பிலாத்தி நிறுத்தச் சொன்ன இடம். பொதுவகத்தில் ஒரு கோப்பை ஏற்றும்போது, அதை யாரும் எதற்கும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்; வணிகத்துக்கு மட்டும் கூடாது என்ற நிபந்தனையுள்ள உரிமத்தை அங்கே ஏற்பதில்லை. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. நான் எழுதிய கட்டுரைக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சாற்றுப்பாட்டை அப்படி ஏற்றினால், நோயாளியின் தலைமாட்டில் இரவு முழுவதும் பாடவேண்டிய ஒன்று நாளை ஏதோ விளம்பரத்தின் பின்னணி இசையாக ஒலிக்க, நானே கையெழுத்திட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

காணிக்காரர்களுக்கு இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. 1987-இல் அகத்திய மலைக்கு ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள் களைத்துப்போனபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் களைப்பே இல்லாமல் ஏதோ காயை மென்றுகொண்டு நடந்ததைக் கவனித்தார்கள். அது என்ன என்று கேட்டபோது காணிக்காரர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள். வற்புறுத்திய பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் அதன் தயாரிப்பு உரிமையை வழங்கியது. அந்த வருவாயில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. எனினும், எல்லாக் குடியிருப்புகளையும் கலந்து பேசிச் செய்யவில்லை என்ற மனத்தாங்கல் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. ஒருவர் வாய் திறந்தால் அது எல்லோருடைய சொத்தையும் எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடலாம் என்பதை அந்த மலை அப்போதே கண்டது.

இதற்கு வேறு வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு என்ற பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான முகூர்ட்டு என்ற மென்பொருளில், எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கிறது. குடும்பத்துக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், எல்லோருக்கும் என்று அவர்களுடைய வழக்கப்படி வாசல்கள் இருக்கின்றன. முகூர்ட்டு என்பது அவர்கள் பொருள்களைப் பத்திரப்படுத்தும் பையின் பெயர். 2007-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவும், மரபறிவைக் காப்பதோடு அதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் அவர்களுடைய உரிமை என்றே சொல்கிறது. சொல்பவரைச் சான்றாக ஏற்பதும், சொல்லாமல் இருக்கும் அவர் உரிமையை ஏற்பதும் ஒரே மரியாதையின் இரண்டு பக்கங்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது காணிக்காரர்களின் மலை இரண்டு மாநிலங்களுக்குப் பிரிந்தது. இங்குள்ள பிள்ளை தன் பாட்டாவின் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறாள். அங்குள்ள உறவுக்காரப் பிள்ளை அதையே மலையாள எழுத்தில் எழுதுகிறான். வெளியார் இதைத் தமிழ் என்றும் மலையாளம் என்றும் இழுத்துக்கொள்கிறார்கள். கோப்பின் மொழிப் பெட்டியில் நான் முதலில் தமிழ் என்றே குறித்திருந்தேன். உலக மொழிக் குறியீட்டுப் பட்டியலில் காணிக்காரர் மொழிக்குத் தனிக் குறியீடு இருப்பது தெரிந்த பிறகு, ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

இப்போது எந்தப் பதிவையும் அன்றே ஏற்றுவதில்லை. அடுத்த முறை போகும்போது கொண்டுபோய், திண்ணையில் எல்லோரும் இருக்கையில் போட்டுக் காட்டுகிறேன். போன மாதம் கட்டஞ்சாயாவும் அவித்த மரச்சீனியும் சாப்பிட்டபடி நாற்பத்திரண்டு சொற்களைக் கேட்டார்கள். முப்பத்தொன்றை ஏற்றலாம் என்றார்கள். ஏழு சொற்களை நான் தவறாக எழுதியிருந்தேன். பிலாத்தியின் பேத்தி என் நோட்டை வாங்கி அவளே திருத்தினாள். மீதி நான்கும் மருந்துச் செடிகளின் பெயர்கள். அவற்றை என் கைப்பேசியில் இருந்து அவள் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அங்கேயே அவர்கள் கண்முன் என்னுடையதில் இருந்து அழித்தேன். பிலாத்தி பேத்தியின் கைப்பேசியைக் காதோடு வைத்துத் தம் குரலைக் கேட்டார். மூன்றாவது சொல் சரியாக விழவில்லை, மழை விட்டபிறகு வா, மறுபடி சொல்லித் தருகிறேன் என்றார்.