14 வீத ஈரம்

பெப்ரவரி 3, கிளிநொச்சி
மெய்யியல் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் மேற்பார்வையாளர் சேருக்கு அனுப்பியாயிற்று. இனி அவர் பாடு.

பெப்ரவரி 5
பதில் இல்லை.

பெப்ரவரி 6
வயலில் வெட்டு மிசின் இறங்கிவிட்டது. முற்றம் முழுக்கப் படங்கு விரித்து நெல். இவ்வளவு பெரிய குவியலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு குவியல் புதிரைப் பற்றி ஆய்வேடு எழுதுபவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அப்பாவுக்கு விளக்கினேன். போட்டவர் மிலேற்றஸ் ஊர் யூபுலிடீஸ், கிரேக்க மெய்யியலாளர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. ஒரு மணியை எடுத்தாலும் குவியல் குவியல்தான். இன்னொன்றை எடுத்தாலும் அப்படித்தான். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் கடைசியில் கிடக்கிற ஒற்றை மணியும் குவியலாக வேண்டும். அப்படியில்லை என்றால், எந்த மணியோடு அது குவியலாக இல்லாமல் போனது?

அப்பா பொறுமையாகக் கேட்டார். "முதல்ல அந்தக் கோழியைக் கலை பிள்ளை. அது உன்ர ஆராய்ச்சியை முடிச்சுப்போடும்."

உண்மைதான். ஒவ்வொரு மணியாகத்தான் எடுக்கிறது. என்னைவிட முறையாக.

பெப்ரவரி 8
சைவ சித்தாந்த நூல் எண்ணிச் சொல்லும் பத்து அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், அபாவமும் ஒன்று. இல்லை என்பதை இன்மையாலேயே அறிவது. இன்பொக்சைத் திறந்தேன். அறிந்தேன்.

பெப்ரவரி 11
வியாபாரி ஈரம் பார்க்கிற மீற்றரோடு வந்தார். 14.6.

"ஈரம் ஐயா. விலை குறையும்."

அப்பா ஒரு மணியை எடுத்து நகத்தால் உமியைக் கழற்றி, முன்பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. பாதியை வியாபாரியின் உள்ளங்கையில் வைத்தார். "இது காயேல்லையோ?" அவர் அரிசியைப் பார்க்கவே இல்லை, மீற்றரைத்தான் திருப்பிக் காட்டினார். நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீதம்தான் கேட்கிறது, வாதாடிப் பயனில்லை.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். (அப்பாவிடம் சொல்லவில்லை.) பிரித்தானிய மெய்யியலாளர் திமொதி வில்லியம்சன் 1994இல் ஒரு புத்தகம் முழுக்க வாதாடுவது இதைத்தான்: குவியலுக்கும் வழுக்கைத் தலைக்கும் கூரான எல்லை உண்டு, அது எங்கே என்பதுதான் நமக்குத் தெரியாது. வியாபாரி அவரையும் தாண்டிவிட்டார். எல்லை எங்கே என்றும் தெரியும், அதைத் தாண்டினால் கிலோவுக்கு எவ்வளவு வெட்டுவது என்றும் தெரியும்.

உடனே போய் நாலாம் அத்தியாயத்துக்கு ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். நல்ல அடிக்குறிப்பு.

பெப்ரவரி 13
சேர் வாட்ஸ்அப்பில் ரோசாப்பூவோடு குட் மோர்னிங் போட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிறார். ஆகவே பதில் இல்லாததற்கு வேறு காரணம்.

பெப்ரவரி 14
அம்மம்மாவின் கண்ணுக்கு வவுனியா போய் வந்தோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. பிரெஞ்சு மெய்யியலாளர் பாஸ்கல் கடவுள்மேல் தாளில் போட்ட பந்தயத்தை ஏ9 வீதிச் சாரதிகள் தினமும் கட்டுகிறார்கள்: கும்பிட்டால் ஐந்து நிமிடம் நட்டம், கும்பிடாமல் போய்ப் பிள்ளையார் இருந்துவிட்டால்? நானும் ஆய்வேட்டின் பெயரில் ஒரு தேங்காய் உடைத்தேன். பக்தி என்று சொல்லமாட்டேன், நிகழ்தகவு. கச்சான் மட்டும் உறுதியான இலாபம்.

பெப்ரவரி 17
பிடித்துவிட்டேன். சேர் கிறிசிப்பஸ் கட்சி! குவியல் கேள்வியை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தால், பதில் தெளிவில்லாமல் போகும் இடத்துக்கு முன்பே வாயை மூடிவிட வேண்டும் என்பது கிறிசிப்பஸின் தந்திரம். ஸ்டோயிக்கர்கள் என்ற பழைய கிரேக்க மெய்யியல் கூட்டத்தில் பெரிய தலை. கழுதை அத்திப்பழம் தின்பதைக் கண்டு, குடிக்க வைனும் கொடு என்று சொல்லிச் சிரித்துச் சிரித்தே செத்தார் என்று ஒரு கதை உண்டு. தெருவெல்லாம் கழுதை திரிகிற மன்னாரில் பிறந்திருந்தால் ஒரு கிழமை தாங்கியிருக்கமாட்டார்.

அம்மாவின் கேள்விக்கு எந்தத் தந்திரமும் கிடையாது. "உதை முடிச்சால் வேலை கிடைக்குமோ?"

பெப்ரவரி 18
மழை இருட்டு. எல்லாரும் படங்கோடு ஓட்டம். காய்ந்த நெல் திரும்ப 15க்குப் போகும்.

பெப்ரவரி 20
சேருக்குப் போன் எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே தூக்கினார்! "ஓம் பிள்ளை, கிடைச்சது. நாலாம் அத்தியாயத்தையும் அனுப்பும், ரெண்டையும் ஒண்டாய்ப் பாக்கிறன். முடிஞ்சுதுதானே?"

"கிட்டத்தட்ட சேர்."

அடிக்குறிப்பு இருக்கிறது. அதற்கு மேலே வரவேண்டிய அத்தியாயம்தான் பாக்கி.

பெப்ரவரி 21
தலைப்பு வைத்தாயிற்று.